நிலைப்படியில் நிற்கும் அப்பா

கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் நிலைப்படியில் அப்பா நின்றிருந்தார். வலது கால் பெருவிரல் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. குதிகால் மட்டும் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பும், படபடவென்று நடுங்கும், திரும்பப் படியும். உள்ளே அம்மா இரண்டாவது தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "வாருங்களேன், ஆறிப்போகிறது" என்றார். நான் அப்பாவின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். உடம்பு வந்தது, கால் வரவில்லை. கதவுச் சட்டத்தை அவர் பிடித்திராவிட்டால் முகம் குப்புற விழுந்திருப்பார்.

"இழுக்காதே அம்மா" என்றார் மெல்ல. "நான் நிற்கவில்லை. நிற்க வைத்திருக்கிறது."

பதினாறு வருடங்களாக இ.இ.ஜி. எடுப்பதுதான் என் பிழைப்பு. மூளையின் மின் அலைகளைக் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை பார்த்துக்கொண்டே இருப்பவள். அப்பா சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களில் இருப்பது என் திரையில் தினமும் ஓடும் பீட்டா அலையின் கதைதான் என்று எனக்குப் புரிய அதற்குப் பிறகும் நாளாயிற்று. புரிந்ததை எழுதி வைக்க நினைத்துத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் வீட்டைப்போல எத்தனையோ வீடுகளில் யாரோ ஒருவர் நிலைப்படியில் நிற்பார், யாரோ ஒருவர் முழங்கையைப் பிடித்து இழுப்பார்.

அப்பா அம்மாப்பேட்டையில் நாற்பது வருடம் தறி ஓட்டியவர். குழித்தறி. சேலம் வெண்பட்டு வேட்டிதான் அவருடைய வேலை. நோய் கையில் தெரிவதற்கு முன்பே மூக்கில் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஏற்காட்டுக் கொட்டையை வறுத்து அரைத்து வாங்கிவரும் காப்பித்தூளைப் பொட்டலம் பிரித்து முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். ஒரு வருடம், "இப்போதெல்லாம் தூளில் மணமே இல்லை, கடையை மாற்று" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா இரண்டு கடை மாற்றினார். மணம் தூளில் இருந்தது. பார்க்கின்சன் நோயில், நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் அந்த நோயில், மோப்பம் போவது பல வருடங்கள் முன்னதாகவே நடக்கலாம் என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன்.

அடுத்து கையெழுத்து. கூலி வாங்கும்போது பதிவேட்டில் போடும் கையெழுத்து பெரிதாகத் தொடங்கி, கடைசி எழுத்து கடுகு அளவில் முடிந்தது. வங்கியில் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு இடது தோள் இறுகியது. ஒரு மருத்துவமனையில் தோள்பட்டை மூட்டு இறுக்கம் என்று சொல்லி ஏழு மாதம் உடற்பயிற்சியும் ஊசியும் கொடுத்தார்கள். நடக்கும்போது அந்தக் கை வீசாமல் தொடையோடு ஒட்டிக்கிடப்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்தக் கையைத் தினமும் வீட்டில் பார்த்தவள் நான். நடுக்கம் இல்லையே, எப்படி நடுக்குவாதம் ஆகும் என்று நானும்தான் நினைத்தேன். பெயர் அப்படி ஏமாற்றிவிடுகிறது. அப்பாவுக்கு வந்தது நடுக்கத்தைவிட இறுக்கமும் மந்தமும் அதிகமாக உள்ள வகை.

இ.இ.ஜி. அறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, தலையில் எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வாருங்கள் என்பது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை ஒட்டாது. மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை நாடாவால் அளந்து, மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்து, பசையைத் தொட்டுத்தொட்டு ஒவ்வொரு கம்பியாக ஒட்டவேண்டும். ஒட்டி முடித்துக் கண்ணை மூடச் சொன்னால், பின்மண்டையில் ஆல்ஃபா அலை எழும். விநாடிக்கு 8 முதல் 13 வரை, உருண்டு திரண்டு, பார்க்க அழகாக வரும். கண்ணைத் திறந்தால் கலைந்துவிடும். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின் அலையைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டபோது பார்த்ததும் இந்த அலையைத்தான். அதற்கு அவர் கிரேக்க அரிச்சுவடியின் முதல் எழுத்தைக் கொடுத்தார். அதைவிட வேகமாக, சிறிதாக ஓடிய அலைக்கு இரண்டாம் எழுத்து. அதுதான் பீட்டா. விநாடிக்கு 13 முதல் 30 துடிப்பு என்று இன்று கணக்கு வைத்திருக்கிறோம்.

பீட்டாவைப் பற்றி இணையத்தில் சொல்லப்படுபவற்றைப் படித்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பீட்டா என்றால் பரபரப்பு, மன அழுத்தம், ஆல்ஃபா என்றால் நிம்மதி, இந்த ஒலியைக் காதில் மாட்டிக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம் என்று விற்கிறார்கள். நெற்றிப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு கைப்பேசியில் பீட்டா அளவைப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். நெற்றித் தசை, தாடைத் தசை ஆகியவற்றின் மின்சாரம் பீட்டாவின் வேகத்திலும் அதற்கு மேலும் பரவி ஓடும். அளவோ பீட்டாவைப்போலப் பல மடங்கு பெரியது. ஒருவர் பல்லைக் கடித்தால் என் திரை முழுவதும் கோடுகள் நெருங்கிக் கருப்பாகிவிடும். பல்லைக் கடிக்காதீர்கள், வாயை லேசாகத் திறந்து வையுங்கள் என்று நான் ஒரு நாளில் முப்பது முறையாவது சொல்கிறேன். தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கும் பீட்டா கூடுகிறது. டயாசிபாம் வகை மருந்து எடுத்தவரின் பதிவில் முன்மண்டை முழுவதும் பொடிப்பொடியாக பீட்டா நிறைந்திருக்கும், அவரோ நாற்காலியில் தூங்கி விழுந்துகொண்டிருப்பார். பரபரப்பின் அலை என்ற கணக்கு அந்த நாற்காலியிலேயே பொய்யாகிறது.

பீட்டா எதற்கென்று நான் கண்ணால் கண்டது ஒருமுறைதான். சாலை விபத்தில் அடிபட்டு, மண்டையோட்டின் ஒரு பகுதி எடுக்கப்பட்ட இளைஞர் ஒருவர் வந்திருந்தார். எலும்பு மின்சாரத்தை மங்கலாக்கும் திரை. அது இல்லாத இடத்தில் அலைகள் ஓங்கித் தெரியும். அவருடைய இடது பக்க மூளையில், கையை அசைக்கும் பகுதிக்கு நேர் மேலே, வழக்கமாகக் கோடு போலக் கிடக்கும் பீட்டா அன்று முள்வேலி மாதிரி எழுந்து நின்றது. வலது கையை மூடித் திறக்கச் சொன்னேன். கை மூடியதும் வேலி சாய்ந்தது. கை அசைந்துகொண்டிருந்தவரை கோடு தட்டையாக ஓடியது. போதும் என்றேன். கை ஓய்ந்தது, முள்வேலி திரும்ப எழுந்தது. இடது கையை மூடச் சொன்னேன், பெரிய மாற்றம் இல்லை. நான்கு முறை செய்யச் சொல்லிப் பார்த்தேன். அந்தத் தம்பி, "அக்கா, ஏதாவது கெடுதலா?" என்று கேட்டார். "இல்லை தம்பி, நன்றாக இருக்கிறது" என்றேன்.

நான் பார்த்ததை 1949லேயே ஹெர்பர்ட் ஜாஸ்பரும் வைல்டர் பென்ஃபீல்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். மாண்ட்ரியலில், அறுவை சிகிச்சையின்போது மண்டையோட்டைத் திறந்து, விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் பரப்பிலேயே மின்முனை வைத்து அவர்கள் பார்த்தது அது. கை அசையப்போகும்போது பீட்டா அடங்குகிறது. பிறகு வந்தவர்கள் இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். நாம் கையை அசைப்பதற்கு ஒரு விநாடி போல முன்பே பீட்டா இறங்கத் தொடங்கிவிடுகிறது. அசைவு முடிந்து அரை விநாடி, ஒரு விநாடிக்குள் முன்பிருந்ததைவிட ஓங்கி எழுந்து, பிறகு சமநிலைக்கு வருகிறது. கையை அசைப்பதாக மனத்தில் நினைத்தாலே கூட இறங்குகிறது.

இதோ ஒரு காப்பி டம்ளர். அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் பீட்டா தாழ்ந்திருக்கும். பாதி வழியில் யாரோ கதவைத் தட்ட, டம்ளரை அப்படியே சிந்தாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் அல்லவா, அப்போது பீட்டா மேலே வரும். அந்த நேரத்தில் மூளையின் பீட்டாவும் முன்கைத் தசையின் மின்துடிப்பும் ஒரே தாளத்தில் இணைந்து ஓடுவதைக்கூட அளந்திருக்கிறார்கள். ஆண்ட்ரியாஸ் எங்கலும் பாஸ்கல் ஃபிரீஸும் 2010இல் இதையெல்லாம் சேர்த்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: இப்போது உள்ளது உள்ளபடியே தொடரட்டும் என்று மூளை சொல்லும் மொழி பீட்டா. எல்லாரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் என்னிடம் வந்த அந்தத் தம்பியின் கையையும் என் அப்பாவின் காலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எனக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்கவில்லை. அசையாமல் இருப்பது என்றால் மூளை சும்மா இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அசையாமல் இருக்கவும் அது வேலை செய்கிறது.

நினைவிலும் இதே சங்கதிதான் நடப்பதாகத் தெரிகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஏர்ல் மில்லரின் ஆய்வகம் 2016இல் குரங்குகளின் முன்மூளையில் பார்த்தது இது: ஒன்றை மனத்தில் ஏற்றும் நேரத்திலும் அதைத் திரும்ப எடுக்கும் நேரத்திலும் பீட்டா விலகி, காமா என்ற வேகமான அலைக்கு வழி விடுகிறது. மற்ற நேரத்தில் பீட்டா காவலுக்கு வந்துவிடுகிறது. தொடங்கிய ஒரு செயலைச் சட்டென்று நிறுத்தும்போதும் நெற்றியின் வலப்பக்கத்தில் பீட்டா எழுகிறது. ஆரோக்கியமான மூளையில் அது இடைவிடாமல் ஓடும் அலை கிடையாது. ஒரு விநாடியில் சிறு பங்கு நேரம் எழுந்து, அடங்கி, மீண்டும் எழும் சிறு சிறு கொத்துகள். கதவு திறந்து மூடுவதுபோல. பார்க்கின்சன் நோயாளிகளின் ஆழ்மூளையில் இந்தக் கொத்துகள் நீண்டுவிடுகின்றன. கதவு மூடினால் திறக்க நேரமாகிறது.

அது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லவேண்டும். நடுமூளையில் கரிய நிறத் திட்டு ஒன்று உண்டு. டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அங்கே இருக்கின்றன. இந்த நோயில் அவை மடிகின்றன. அங்கிருந்து சற்று மேலே, மொச்சைக் கொட்டையைவிடச் சிறிய, சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற நரம்பணுத் திரள் இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகளுக்கு அந்த இடத்தில் மெல்லிய கம்பியைச் செருகி மின்தூண்டல் கொடுக்கும் சிகிச்சையை 1990களில் பிரான்சின் கிரனோபிள் நகரில் அலீம் லூயி பெனபிட் குழுவினர் தொடங்கினார்கள். கம்பியைச் செருகியபின் அதன் வழியே மின்சாரத்தை உள்ளே அனுப்புவதோடு, உள்ளிருந்து வருவதைக் கேட்கவும் முடியும் அல்லவா? பீட்டர் பிரவுன் குழுவினர் கேட்டார்கள். 2001இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து இல்லாத நிலையில் அங்கே பீட்டா ஓங்கி ஓடுவதையும், உடலில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையைக் கொடுத்ததும் அது தணிந்து, விநாடிக்கு 70 அளவில் வேகமான அலை தலைகாட்டுவதையும் காட்டினார்கள். ஆந்திரேயா கூன் முதலானோர் 2006இல் இன்னும் ஒரு படி போனார்கள். மருந்தால் யாருக்கு பீட்டா அதிகம் குறைகிறதோ, அவருக்கு இறுக்கமும் மந்தமும் அதிகம் குறைகின்றன. நடுக்கத்தோடு இதற்கு அந்த உறவு இல்லை.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் அப்பா சொன்னது என் காதில் திரும்ப ஒலித்தது. நான் நிற்கவில்லை, நிற்க வைத்திருக்கிறது. மருத்துவ நூல் எதையும் படிக்காத என் அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்குள் ஒரு தாளம் விநாடிக்கு இருபது முறை "இப்படியே இரு, இப்படியே இரு" என்று அடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே நாங்கள் நான்கு பேர் "வாருங்கள், வாருங்கள்" என்று கத்துகிறோம். நடுவில் நிற்பவர் அவர்.

அவருடைய அக்கா, என் அத்தை, ஓமலூரிலிருந்து ஒரு டப்பாவில் பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்தார். சேர்வராயன் மலையடிவாரத்தில் வேலியோரம் படரும் அதே கொடி. காயின் மேலுள்ள சுணை பட்டால் நாள் முழுக்கச் சொறியவேண்டியதுதான். அத்தையைக் கேலி செய்யாதீர்கள். அந்த விதையில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது. அதை 1937இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னையைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அந்த வேதிப்பொருள் நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்று உலகம் அறிய அதற்குப் பிறகு முப்பது வருடம் போலப் பிடித்தது. ஆனாலும் நான் அத்தையிடம் பொடியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாத்திரையில் ஏற்கெனவே அதே பொருள் மில்லிகிராம் கணக்கில் போகிறது. மேலே கணக்கில்லாமல் ஒரு கரண்டி போனால் உடம்பு தானாக நெளியத் தொடங்கும், தலைசுற்றும், மனம் குழம்பும். மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது என்று அத்தையிடம் பொறுமையாகச் சொன்னேன். அத்தைக்கு மனத்தாங்கல்தான்.

கம்பி வைக்கும் சிகிச்சையைப் பற்றியும் பேசினோம். இப்போது வந்திருப்பது பீட்டாவைக் கேட்டுக்கொண்டே வேலை செய்யும் கருவி. முன்பெல்லாம் நாள் முழுவதும் ஒரே அளவில் மின்சாரம் போகும். இந்தப் புதிய கருவி பீட்டா ஏறும்போது தூண்டலைக் கூட்டி, இறங்கும்போது குறைத்துக்கொள்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் இதற்கு அனுமதி தந்தது. நான் ஆர்வத்தோடு விளக்கினேன். செலவு பல லட்சம், அப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு, சர்க்கரையும் இருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தலையைத் திறக்கவேண்டாம் அம்மா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வழி கிடைத்தது ஏற்காட்டில். என் மகள் பிடிவாதம் பிடித்ததால் ஒரு ஞாயிறு அன்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து மேலே இறங்கியதும், சமதரையில், ஏரிக்குப் போகும் வழியில், அப்பாவின் கால் நின்றுவிட்டது. கூட்டம் இரண்டு பக்கமும் எங்களைத் தாண்டிப் போனது. சிரமப்பட்டு அழைத்துப்போய் ஓர் இடத்தில் கல்படிகள் வந்தன. எப்படி ஏற்றப்போகிறேன் என்று நான் பயந்துகொண்டிருக்கும்போதே, அப்பா தாமாகவே படி ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று, நிற்காமல். மேலே போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்திலும் வியப்பு.

இது இந்த நோயின் பழைய புதிர். தானாக அடியெடுத்து வைக்க முடியாதவர், தரையில் குறுக்கே கோடு போட்டால் அதைத் தாண்டிக் கால் வைக்கிறார். தாளம் தட்டினால் அந்தத் தாளத்துக்கு நடக்கிறார். உள்ளிருந்து எழவேண்டிய ஆணை எழவில்லை, ஆனால் கண்ணோ காதோ வெளியிலிருந்து ஒரு குறிப்பைக் கொண்டுவந்தால் மூளை வேறு பாதையில் காலை நகர்த்திவிடுகிறது என்று கருதுகிறார்கள். சீரான தாளத்தைக் கேட்கும் மூளையில் பீட்டா அந்தத் தாளத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கவும் செய்கிறது.

தாளம் என்றதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வலது கை கயிற்றை இழுக்க, ஊடை நூலைச் சுமக்கும் மரக்கட்டையான நாடா பாவு நூல்களுக்கு நடுவே ஓடும்: சடக். இடது கை பலகையை இழுத்து ஊடையை அடிக்கும்: தட். கால் மிதி மாறும். சடக், தட். சடக், தட். நானும் தம்பியும் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினோம், படித்தோம், பரீட்சைக்கு எழுந்தோம். தறியை விற்று நான்கு வருடம் ஆகிறது. குழியை மூடி சிமெண்ட் பூசியாயிற்று. ஆனால் பழைய மர நாடா ஒன்று சாமி மாடத்தில் இருக்கிறது, ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்பதற்காக. மறுநாள் அப்பா நிலைப்படியில் நின்றபோது நான் அவர் கையைத் தொடவில்லை. நாடாவை எடுத்துவந்து கதவுச் சட்டத்தில் தட்டினேன். சடக், தட் என்று வாயாலும் சொன்னேன். மூன்றாவது தட்டலில் வலது கால் எழும்பியது. அடுத்ததில் இடது. சமையலறைக்குள் போய் மணைமேல் உட்கார்ந்துவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோடு போட்டது அம்மா. படிக்கட்டுக் கதையைக் கேட்டதிலிருந்து, விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு மீதி மாவைக் கூடத்துக்குக் கொண்டுவருவார். கட்டிலிலிருந்து சமையலறை வரை, கட்டிலிலிருந்து குளியலறை வரை, குறுக்குக் கோடுகள். ஏணி படுத்துக்கிடப்பதுபோல இருக்கும். மஞ்சள் பெயின்ட் அடித்துவிடலாம், தினமும் குனியவேண்டாமே என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். கோட்டுக்குக் கோடு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இடம் விட்டு, அப்பாவின் எட்டுக்குத் தக்கபடி அளந்துதான் போடுகிறார். தாளம் தட்ட எப்போதும் கூடவே நடக்கும் ஒருவர் வேண்டும், கூட்டத்தில் பயன்படாது, மருந்தின் வேகம் குறைந்த நேரத்தில் சில நாள் கோடும் உதவாது, தட்டலும் உதவாது. அப்போது நாங்கள் பேசாமல் பக்கத்தில் நிற்கிறோம். அந்தக் கொத்து கலையும்வரை நிற்கவேண்டியதுதான் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும், என் மகள் உட்பட.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கூடத்தைப் பார்த்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து மாத்திரை வேலை செய்யக் காத்திருந்தார். தரையில் மாவு இன்னும் காயவில்லை. கட்டிலிலிருந்து நிலைப்படி வரை நேற்றுவரை ஒன்பது கோடுகள் இருந்தன. இன்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. நான் எண்ணுவதை அம்மா பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மாவுக் கிண்ணத்தைக் கழுவக் கொல்லைப்புறம் போனார்.